அப்பாவின் இறுதிச் செலவுக்கு இப்போதே பணம் கட்டிவிடலாமா?

வடசென்னையில் வசிக்கும் 47 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 79. அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முறை பக்கவாதம் வந்து, இதயமும் பலவீனமாகி, ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார். நினைவு தெளிவாக இருக்கிறது. பேச்சு குழறினாலும் வீட்டாருக்குப் புரிகிறது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு 71 வயது. இரவில் எழுந்து எழுந்து அப்பாவைப் புரட்டிவிடுவது அவர்தான். அண்ணன் மஸ்கட்டில் வேலையில் இருக்கிறார். வாசகி ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். வீட்டுக் கடன் இருக்கிறது, பையன் கல்லூரியில் படிக்கிறான்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்து தரும் நிறுவனம் ஒன்று அணுகியிருக்கிறது. அவர்கள் கொடுத்த விலைப்பட்டியல் 84,960 ரூபாய். இப்போதே முழுத்தொகையையும் கட்டினால் பத்தாயிரம் தள்ளுபடி, விலையும் ஏறாது என்கிறார்கள். "எனக்காகக் கடன் வாங்காதே, ஒரு மாலை போதும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணனோ, "ஊர் பார்க்கும்படி செய், பணம் நான் அனுப்புகிறேன்" என்கிறார். மாநகராட்சி மயானத்துக்குக் கொண்டுபோனால் அனாதைப் பிணம் போலாகிவிடும் என்று அத்தை சொல்கிறார். திண்டிவனம் பக்கத்தில் சொந்த நிலம் இருக்கிறதே, அங்கேயே எரித்துவிட்டால் செலவில்லை என்கிறார் சித்தப்பா. அண்ணன் வந்து சேராவிட்டால் கொள்ளி வைப்பது யார் என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. கடைசியாக வாசகி கேட்பது: "அப்பாவின் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் என்னிடம் இருக்கின்றன. காரியச் செலவுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்தானே? உயிரோடு இருப்பவருக்கு இப்படிக் கணக்குப் பார்ப்பது பாவமில்லையா?"

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பாவமில்லை. உங்கள் அப்பாவே இதைப் பற்றி உங்களிடம் பேசியிருக்கிறார். தன் கருத்தையும் சொல்லியிருக்கிறார். அவர் முடிவு சொல்லிவிட்ட ஒரு விஷயத்தை எப்படி நிறைவேற்றுவது என்றுதான் நீங்கள் யோசிக்கிறீர்கள். இதை இப்போது செய்யாமல் விட்டால், அழுகைக்கு நடுவே, வாசலில் நிற்கும் யாரோ ஒருவர் சொல்லும் தொகைக்குத் தலையாட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் பேரம் பேசுவதில்லை. இந்தத் தொழிலில் தாறுமாறாகப் பணம் வாங்குகிறவர்கள் நம்பியிருப்பது அதைத்தான்.

அந்த விலைப்பட்டியல்

கடிதத்தோடு பட்டியலை இணைத்திருந்தது நல்லதாயிற்று. இரண்டு நாளுக்குக் குளிர்பெட்டி 9,000. அலங்கார ஊர்தி 14,000. பூ அலங்காரம் 16,000. பந்தலும் நூறு நாற்காலியும் 12,000. புரோகிதரும் சடங்குப் பொருள்களும் 11,000. மயானக் கட்டணமும் பதிவும் 6,000. இறப்புச் சான்றிதழ் வாங்கித்தர 4,000. ஆக 72,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று 12,960.

கீழிருந்து மேலே போவோம். ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, இறுதிச்சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை ஆகிய சேவைகளையும் உடலைக் கொண்டுசெல்வதையும் வரிக்கே வெளியே வைத்திருக்கிறது. பந்தல், நாற்காலி, சாப்பாடு போன்றவற்றைத் தனியாக வாடகைக்கோ விலைக்கோ எடுத்தால் அவற்றுக்கு வரி இருக்கலாம். மொத்தத் தொகைக்கும் சேர்த்து 18 சதவீதம் போட்டது தவறு. அவர்களுக்குச் சட்டம் தெரியவில்லையா, உங்களுக்குத் தெரியாது என்று நினைத்தார்களா என்பது எனக்குத் தேவையில்லாத ஆராய்ச்சி. எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதிலின் தொனியிலேயே அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துவிடும்.

இறப்புச் சான்றிதழுக்கு 4,000 என்பது அடுத்த வேடிக்கை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் 12-ஆவது பிரிவின்படி, இறப்பைப் பதிவு செய்ததும் தகவல் தந்தவருக்குச் சான்றிதழை இலவசமாகத் தரவேண்டும். மாநகராட்சி இணையதளத்திலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளலாம். மயானக் கட்டணமும் அப்படியே. பெருநகர சென்னை மாநகராட்சியின் மயானங்களில் தகனத்துக்கும் அடக்கத்துக்கும் கட்டணம் கிடையாது. வேறு ஊர்களில், அறக்கட்டளைகள் பராமரிக்கும் எரிவாயு தகன மேடைகளில் ஒரு தொகை வாங்குவார்கள். அதற்கு ரசீது உண்டு. சென்னையில் யாராவது கேட்டால் 1913 என்ற மாநகராட்சி எண்ணில் புகார் செய்யலாம். மயானப் பணியாளர்களுக்கு நீங்களாக மனமுவந்து ஏதாவது கொடுப்பது வேறு. நம் ஊரில் அவர்களுக்குக் கிடைக்கும் கூலியும் மரியாதையும் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். கொடுத்தால்தான் உடலை இறக்குவோம் என்பது மட்டும் கூடாது.

ஜிஎஸ்டி, சான்றிதழ், மயானக் கட்டணம் ஆகிய இந்த மூன்றையும் அடித்தாலே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. அப்பாவுக்குச் செய்ய வேண்டிய எதுவும் அதனால் குறையவில்லை.

ஊர்திக்கும் வழி இருக்கிறது. வீட்டிலிருந்து மயானத்துக்குக் கொண்டுபோக மாநகராட்சியின் இலவச அமரர் ஊர்தியை அதே 1913-இல் கேட்கலாம். அரசு மருத்துவமனையில் உயிர் பிரிந்தால் 155377 என்ற எண். தமிழ்நாடு அரசின் உதவியோடு செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் இலவச ஊர்தி அது. மாநிலத்துக்குள் வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டுவந்து விடுவார்கள். வண்டி வரத் தாமதமாகலாம் என்பதால், அக்கம்பக்கத்தில் சாதாரண ஊர்தி வைத்திருக்கும் ஒருவரிடம் இப்போதே வாடகை விசாரித்துக் குறித்து வையுங்கள். ரதம் போல ஜோடித்த வண்டி வேண்டுமா என்பது குடும்பத்தின் ஆசையைப் பொறுத்தது.

குளிர்பெட்டி, பந்தல், நாற்காலி மூன்றும் உங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு மூன்று இடத்தில் கேட்டால் நியாயமான விலை என்னவென்று தெரியும். பெட்டி எத்தனை நாள் என்பது அண்ணன் வருவதைப் பொறுத்தது. யாருக்காகவும் காத்திருக்கவில்லை என்றால் காலையில் பிரிந்த உயிருக்கு மாலையில் தகனம் முடிந்துவிடும். பூவைப் பொறுத்தவரை, பதினாறாயிரம் ரூபாய்க்கு அலங்காரம் செய்யச் சொல்லி அப்பா கேட்கவில்லை. வருகிறவர்கள் எப்படியும் ஆளுக்கொரு மாலை கொண்டுவருவார்கள்; நம் ஊர்ச் சாவு வீட்டில் மாலைக்குப் பஞ்சம் வந்து நான் பார்த்ததில்லை.

மாநகராட்சி மயானம், சொந்த நிலம், உடல் தானம்

அத்தை சொல்வது பழைய நினைப்பு. பெசன்ட் நகரில் இருப்பதும் மாநகராட்சி மயானம்தான். விடுதலைப் போராட்ட வீரர் என்.சங்கரய்யாவுக்கு 2023 நவம்பரில் அரசு மரியாதையோடு அங்கேதான் தகனம் நடந்தது. பணக்காரர், ஏழை, அமைச்சர், கூலிக்காரர் எல்லோரும் போகும் இடம் அது. ஓட்டேரியோ மூலக்கொத்தளமோ, உங்களுக்குப் பக்கத்தில் எதுவோ, ஒரு நாள் மாலை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே விறகா, எரிவாயுவா, மின்சாரமா, எத்தனை மணி வரை, அஸ்தி எப்போது தருவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இறந்த அன்று அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

மின் மயானத்தில் சடங்கு செய்ய முடியாது, அஸ்தி சரியாகக் கிடைக்காது என்று உங்கள் அம்மா பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், குடம் உடைப்பது எல்லாம் மேடையில் ஏற்றுவதற்கு முன்பே முடிந்துவிடும். எலும்பும் சாம்பலும் கலயத்தில் கைக்கு வரும். விறகில் எரித்தால் தணல் ஆற மறுநாள் ஆகும். இதில் சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது என்பதுதான் வித்தியாசம். மறுநாள் பால் தெளிப்பது உங்கள் வழக்கம் என்றால், எப்போது வந்து வாங்கிக்கொள்வது என்பதை முன்னாலேயே பேசிவையுங்கள். கரைப்பதற்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. காசிதான் வேண்டுமென்று யாராவது பிடிவாதம் பிடித்தால், வாரணாசி, பிரயாக்ராஜ், ஹரித்வார், கயா ஆகிய ஊர்களுக்கு அஸ்தியை விரைவு அஞ்சலில் அனுப்பும் வசதியை அஞ்சல் துறை 2021-இலேயே கொண்டுவந்துவிட்டது.

சித்தப்பாவின் யோசனை வேண்டாம். சொந்த நிலம் என்பதால் அதில் எரிக்கவோ புதைக்கவோ உரிமை வந்துவிடாது. கிராம ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டு மயான விதிகள், பதிவு பெற்ற அல்லது உரிமம் பெற்ற இடத்தில் மட்டுமே அனுமதிக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இதை உறுதிசெய்திருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் எதிர்த்தால், காரியம் முடிந்த பிறகும் வழக்கு நிற்கும். ஊருக்குத்தான் போகவேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டால் ஊர் மயானம் இருக்கிறது. அவர் அப்படிக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை, அவரிடமே கேட்டுவிடுங்கள்.

உடல் தானம் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். செலவு மிச்சம் என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்பாவுக்கே விருப்பம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி, சாட்சிகளோடு எழுதிக் கொடுக்கலாம். ஆனாலும் அந்த நேரத்தில் குடும்பம் சம்மதித்தால்தான் நடக்கும். தொற்றுநோய், பிரேதப் பரிசோதனை, பெரிய படுக்கைப் புண் போன்ற காரணங்களால் கல்லூரி மறுக்கவும் கூடும். ஆகவே தகனத்துக்கான ஏற்பாடும் கையில் இருக்கவேண்டும். கண் தானம் மட்டும் என்றால் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொன்னால் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள்.

முன்கூட்டியே பணம் கட்டும் திட்டம்

கட்ட வேண்டாம். இந்த மாதிரி முன்பணத் திட்டங்களை மேற்பார்வையிட, காப்பீட்டுக்கு இருப்பதுபோல் தனி ஆணையம் நம் நாட்டில் இல்லை. நீங்கள் கட்டும் பணம் அவர்களுடைய வியாபாரக் கணக்கில் கலந்துவிடும். அப்பா இன்னும் இரண்டு ஆண்டு இருந்து, அதற்குள் நிறுவனம் கடையைக் கட்டிவிட்டால்? கடைசியில் ஊருக்கே கொண்டுபோவதென்று முடிவானால்? நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத் தாளில் 'சூழ்நிலைக்கேற்பப் பொருள்கள் மாற்றப்படலாம்' என்று இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்கும் என்று எங்கேயும் இல்லை. விலை ஏறாது என்ற வாக்குறுதிக்கு அந்த ஒரு வரியே போதும், மதிப்பில்லாமல் செய்ய.

பணம் கட்டிய பிறகு தகராறு வந்தால் வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் இறப்பு நடந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு வழக்கு நடத்துவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்கு ஆசைப்படாதீர்கள்.

பதிலாக, அம்மா பெயரிலும் உங்கள் பெயரிலும் ஒரு கூட்டுச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறையில் இருக்கட்டும். முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ, உங்களால் முடிந்ததை அதில் போட்டு வையுங்கள். அண்ணன் அனுப்புவதும் அதற்கே வரட்டும்.

வீட்டில் உயிர் பிரிந்தால்

உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் உங்களை நிஜமாகவே அலைக்கழிக்கக்கூடிய விஷயம் இதுதான். மருத்துவமனையில் இறந்தால் பதிவுக்கான தகவலை மருத்துவமனையே அனுப்பிவிடும். வீட்டில் இறந்தால் அந்தப் பொறுப்பு குடும்பத்துடையது. மயானத்தில் முதலில் கேட்பது மருத்துவரின் இறப்புச் சான்று. பிறகு இறந்தவரின் ஆதார், தகவல் தருபவரின் ஆதார்.

கடைசி நோயின்போது சிகிச்சை தந்த மருத்துவர், இறப்புக்கான காரணத்தைச் சான்றாகத் தரவேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். இதுவரை அப்பாவைப் பார்த்தே இராத மருத்துவருக்கு அந்தக் கடமை இல்லை. நள்ளிரவில் தெருமுனைக் கிளினிக்கில் போய் நின்றால் அவர் தயங்குவார், தயங்குவது நியாயமும்கூட. அதனால் ஒரே மருத்துவர் மாதம் ஒருமுறையாவது வந்து பார்த்து, சீட்டில் எழுதிவிட்டுப் போகும்படி செய்யுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். "வீட்டில் உயிர் பிரிந்தால் சான்று தருவீர்களா டாக்டர்?" என்று நேராகவே கேட்டுவிடலாம். எந்த மருத்துவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

ஒருவேளை கட்டிலிலிருந்து விழுந்து அடிபட்டு இறந்தால் அது இயற்கை மரணக் கணக்கில் வராது. காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டியிருக்கும். மறைத்துத் தகனம் செய்தால் பின்னால் தொல்லை. கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போட்டுவிடுங்கள்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். முப்பது நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்கு மேல் அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி, ஓராண்டு தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு என்று இழுத்துக்கொண்டே போகும். தேதியைவிடப் பெயர்தான் அதிகம் படுத்தும். ஓய்வூதியப் புத்தகத்தில் ஒரு முன்னெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் சேர்த்து, வங்கியில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால், சான்றிதழ் எதனுடனும் ஒத்துப்போகாது. இன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது ஆதாரில் திருத்துவது எளிது.

கடைசி நேரத்தில் பதறிப்போய்த் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நடக்கும். அதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் பல குடும்பங்களைக் கடனில் தள்ளுவது மயானச் செலவைவிட அந்தக் கடைசி நாட்களின் தீவிர சிகிச்சைச் செலவுதான். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருப்பதால், செயற்கைச் சுவாசம் போன்றவை வேண்டுமா வேண்டாமா என்று அவரே முன்கூட்டி எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றொப்பம், அவ்வளவுதான். கட்டணப் பாக்கிக்காக உடலைத் தரமாட்டோம் என்று எந்த மருத்துவமனையும் பிடித்துவைக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் அது தெளிவாக இருக்கிறது.

ஏடிஎம் அட்டை

அப்பா இருக்கும்வரை, அவர் சொல்லி, அவருடைய தேவைக்கு எடுக்கிறீர்கள். அவர் போன மறுநிமிடம் அந்தப் பணம் வாரிசுகளுடையது. உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் உங்களுக்கும் சம பங்கு. அதன்பிறகு அட்டையைப் போட்டு எடுப்பது வங்கி விதிகளுக்கு எதிரானது. அண்ணன் இன்று எதுவும் கேட்கமாட்டார். ஐந்து வருடம் கழித்து வேறு ஒரு மனவருத்தத்தில் வங்கி அறிக்கையை விரித்துவைத்துக் கேட்கக்கூடும். வழக்கறிஞர்களின் மேசைக்கு வரும் உடன்பிறப்புச் சண்டைகள் பெரும்பாலும் இப்படிச் சின்னத் தொகையில் தொடங்கியவைதான்.

இறந்த பிறகும் ஓய்வூதியம் ஒரு மாதம் தெரியாமல் வரவாகிவிடும். அதைத் தொடாதீர்கள், கருவூலம் திரும்பப் பிடிக்கும். இறப்பை உடனே கருவூலத்துக்குத் தெரிவித்தால்தான் அம்மாவின் குடும்ப ஓய்வூதியமும் சீக்கிரம் தொடங்கும்.

இறுதிச் செலவை நீங்கள் கையிலிருந்து செய்தால் அது உங்கள் தலையோடு போகட்டும் என்று சட்டம் விடவில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் 320-ஆவது பிரிவு, இறந்தவரின் நிலைக்கு ஏற்ற நியாயமான ஈமச் செலவை, மற்ற எல்லாக் கடன்களுக்கும் முன்பாக அவருடைய சொத்திலிருந்து கொடுக்கச் சொல்கிறது. நியாயமான என்ற சொல்லுக்குள் ஜோடனை ரதம் அடங்குமா என்பது சந்தேகம், குளிர்பெட்டி அடங்கும். ரசீதுகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

அப்பாவின் ஓய்வூதியச் சீட்டில் குடும்பப் பாதுகாப்பு நிதி என்று மாதாமாதம் ஒரு பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கான இந்தத் திட்டத்தில், ஓய்வூதியர் இறந்தால் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். நியமனதாரராக அம்மா பெயர் இருக்கிறதா என்பதைக் கருவூலத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தகனத்தன்று கைக்கு வராது, ஆனால் பதினாறாம் நாளுக்கு வாங்கிய கைமாற்றை அடைக்க உதவும். வங்கிக் கணக்கிலும் நியமனத்தைச் சரிபாருங்கள். நியமனதாரர் என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்பாளர்தான். அவருக்கே முழுச் சொந்தம் என்ற நினைப்பு பரவலாக இருந்தாலும் தவறு.

கொள்ளி

மகன்தான் வைக்கவேண்டும் என்றோ, பெண்கள் மயானத்துக்கு வரக்கூடாது என்றோ எந்தச் சட்டமும் இல்லை. சென்னையிலேயே வேலங்காடு மயானத்தைப் பெண்கள் நிர்வகித்து நடத்தியிருக்கிறார்கள். மகள்கள் கொள்ளி வைப்பது இப்போது அதிசயமான செய்தியும் இல்லை. புரோகிதர் மறுத்தால் வேறொருவரைப் பாருங்கள். அதையும் முன்னாலேயே கேட்டு வைப்பது நல்லது, அன்றைக்கு வாசலில் வைத்து விவாதம் வேண்டாம். அத்தையை எப்படிச் சமாளிப்பது என்பதற்குச் சட்டத்தில் பதிலில்லை. "அப்பா சொல்லிவிட்டுத்தான் போனார்" என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அடங்கிவிடுவார் என்று நினைக்கிறேன். அப்பாவின் விருப்பத்தை அவர் வாயால் சொல்லவைத்துக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். நீதிமன்றத்தில் அது உயில் ஆகாது, சொந்தக்காரர்கள் நடுவில் உயிலைவிடப் பலமானது.

இனி அண்ணன். மஸ்கட்டிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம்தான். தூரத்தைவிட விடுப்பும் பயணச்சீட்டும்தான் தாமதமாக்கும். கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது, அவசர விடுப்புக்கு யாரிடம் கேட்கவேண்டும் என்பதை அவர் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். எத்தனை மணி நேரம் காத்திருப்பது, அதற்குள் விமானம் ஏற முடியாவிட்டால் நீங்களே நடத்துவது என்று அவருடைய வாயாலேயே ஒரு முடிவு வரட்டும். அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போதே வீடியோவில் பேசிவிடுங்கள்.

ஊர் பார்க்கும்படி செலவு செய்ய அவருக்கு ஆசை இருக்கிறது. அது அப்பாவுக்கு அருகில் இல்லாத பிள்ளையின் தவிப்பு, அதைக் கேலி செய்யாதீர்கள். அந்தப் பணத்தை இந்த மாதமே அனுப்பச் சொல்லுங்கள். படுக்கைப் புண் வராமல் காற்று மெத்தை ஒன்று வாங்குங்கள். இரவில் அப்பாவைப் புரட்டிவிடப் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவரை அமர்த்துங்கள், அம்மா தூங்கட்டும்.